மலை ஏத்திப் பாக்கறது

படுத்துக் கிடக்கிற மாட்டுக்குத் தெய்வசிகாமணி விலை பேச மாட்டார். நிற்கிற மாட்டையும் நம்ப மாட்டார். நடக்கிற மாட்டைக் கொஞ்சம் நம்புவார். அதுவும் சமதரையில் நடந்தால் பாதி நம்பிக்கைதான். கச்சிராயபாளையத்தில் நாற்பது வருசமாக மாட்டுத் தரகு பார்க்கிறவர். பல்லை ராவி வயசைக் குறைக்கிறது, நொண்டுகிற காலை எண்ணெய் போட்டு நீவி சந்தை நாள் மட்டும் நேராக நடக்க விடுகிறது, வத்திப்போன மடியை ரெண்டு வேளை கறக்காமல் விட்டு உப்ப வைக்கிறது, எல்லாத் தில்லுமுல்லும் அத்துப்படி. எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் மட்டும் கோபம் வரும்.

அதனால் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். வேண்டியவர்களுக்கு மாடு வாங்கினால் சந்தையோடு விட மாட்டார். வெள்ளிமலைக்குப் போகிற மலைப்பாதையில் ரெண்டு வளைவு ஏற்றி, பின்னாலேயே நடந்து பார்ப்பார். "சந்தையில பாக்கறதெல்லாம் பொய்யி. ரெண்டு வளைவு ஏத்து. மூச்சு, காலு, கொணம் மூணும் வெளிய வந்துடும். மாடே வாயத் தொறந்து சொல்லிடும்" என்பார்.

அவருக்கு அறுபத்தாறு வயசு. பொண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை கிடையாது. அடுத்த தெருவில் தங்கச்சி கண்ணகி வீடு. கண்ணகிக்கு ஒரே பெண், தேவிப்ரியா. தாய்மாமன் வாயால் சரி என்று சொல்லாமல் அந்தப் பெண்ணுக்கு வெற்றிலைபாக்கு மாற்ற முடியாது. இது ஊருக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்பதுதான் கஷ்டம்.

கண்ணகி செல்போனை நீட்டினாள். திருக்கோவிலூர்ப் பையன். பேர் ஆகாஷ். அப்பா இல்லை, பெரியப்பா தனசேகரன்தான் எல்லாம். மொத்தம் அஞ்சு போட்டோ.

தெய்வசிகாமணி விரலை எச்சில் பண்ணித் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றில் பைக் மேல் உட்கார்ந்திருந்தான். ஒன்றில் மதில் மேல். ஒன்றில் பரிசலில். ஒன்றில் பிளாஸ்டிக் நாற்காலியில். ஒன்றில் கோயில் படியில்.

"நிக்கற மாதிரி ஒண்ணும் இல்லியா?"

"இருக்கும்ணா. இப்ப அனுப்பினது இதான்."

"அஞ்சு படம். அஞ்சுலயும் உக்காந்துக்கினு இருக்கான். எவனாவது அஞ்சு வாட்டியும் உக்காருவானா?"

"நல்லாதான இருக்கான்?"

"உக்காந்தா எல்லாம் நல்லாதான் இருக்கும். எந்திரிக்கச் சொல்லு."

தேவிப்ரியாவுக்கு இருபத்தாறு. கள்ளக்குறிச்சியில் ரத்தம் எடுத்துப் பார்க்கிற லேபில் வேலை. ஸ்கூட்டியில் போய் ஸ்கூட்டியில் வரும். ஏற்கெனவே ரெண்டு கோஷ்டி வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் கோஷ்டி கேசரியைத் தின்றுவிட்டு ஜாதகம் ஒட்டவில்லை என்றது. ஜாதகம் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். ஒட்டாதது கேசரியாக இருக்கலாம். ரெண்டாவது கோஷ்டி போன் பண்ணுகிறோம் என்று போனது, எட்டு மாசமாகப் பண்ணிக்கொண்டிருக்கிறது.

போனது கூடப் பரவாயில்லை. எதிர்வீட்டுப் பெரியம்மாள் அதை வைத்துக்கொண்டு செய்கிறதுதான் தாங்காது. அந்த அம்மா யாரையும் ஒன்றும் கேட்காது. கண்ணகி வீட்டு வாசலில் கழுவிக் கவிழ்த்த டம்ளரை எண்ணும். எட்டுக்கு மேல் போனால் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று தெருவுக்குச் சேதி போய்விடும். அப்புறம் மூணு நாள் கழித்து, "இன்னா கண்ணகி, ஒண்ணும் சேதி இல்லியா?" என்று முருங்கைக்கீரை கேட்கிற சாக்கில் வரும். அதற்கும் இருபத்தஞ்சு வயசில் ராதிகா என்று ஒரு பெண் இருக்கிறது. அந்த வீட்டில் டம்ளர் எண்ணும்படி யாரும் இன்னும் வரவில்லை.

"மூணாவது வாட்டியும் வூட்டுல வச்சு, அதுவும் தட்டிப்போச்சின்னா, அப்புறம் இந்தப் பொண்ணுக்கு இந்தத் தாலுக்காவுல பேரே கெட்டுடும்ணா" என்றாள் கண்ணகி. "எங்கனா கோயில்ல வச்சுப் பாத்துடலாம். தற்செயலாப் பாத்த மாதிரி."

அவள் புருசன் வெங்கடேசன் கரும்பு வைத்திருக்கிற ஆள். எது சொன்னாலும் முதலில் தலையை ஆட்டிவிட்டு அப்புறம் கேட்பான். "திருக்கோவிலூர் கோயிலுக்கே போயிடலாமே."

"அவன் ஊருக்கு நாம பொண்ண இட்டுக்கினு போறதா? நம்மளே சரக்க வாசல்ல எறக்கற மாதிரி" என்றார் தெய்வசிகாமணி. போனைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பரிசல் போட்டோ அவர் மண்டையை விட்டு இறங்கவில்லை. கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"பர்வதமலை."

"இன்னாது?"

"திருவண்ணாமலை தாண்டி, பர்வதமலைக்குப் போலாம். சனி ஞாயிறு. ரெண்டு வூடும் ஏறட்டும். மேல சாமியும் பாத்த மாதிரி, பையனையும் பாத்த மாதிரி."

வெங்கடேசன் தலையை ஆட்டிவிட்டுக் கேட்டான். "பொண்ணு பாக்கறதுக்கு மலை ஏறணுமா மச்சான்? அதுவும் அவ்ளோ தூரம். நம்ம முதுகுக்குப் பின்னாலயே கல்வராயன் மலை கெடக்குதே?"

"அதுல பஸ்ஸு போவுது மாப்ள. பஸ்ஸுல உக்காந்துக்கினு வருவான். அது எனக்கு எதுக்கு?"

கண்ணகிக்கு அப்போதுதான் புரிந்தது. "அண்ணா, மாடா அது?"

"மாடுன்னா பரவாயில்ல. புடிக்கலன்னா அடுத்த சந்தையில தள்ளிடலாம்."

தரகு பார்க்கிற தைலம்மாள் மறுநாள் வந்தாள். அவள் மனுசத் தரகு. தெய்வசிகாமணியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அவருக்கும் அவளை ஆகாது. ஒரே தொழில்காரர்கள்.

"ஏன்யா தரகரே, கல்யாணத்துக்குக் கேட்டா மலை ஏறச் சொல்றியாமே? நாளைக்கு ஏரு பூட்டிப் பாப்பியா?"

"நீ போட்டோ காட்டறல்ல, நான் மலை காட்டறேன். போய்ச் சொல்லு. ஒத்துக்க மாட்டாங்க பாரு."

அவள் வாசலில் நின்றபடியே போன் போட்டாள். அந்தப் பக்கம் பெரியப்பா தனசேகரன். ரெண்டு நிமிசம் கூட ஆகவில்லை.

"சரின்னுட்டாரு" என்றாள் தைலம்மாள், அவளுக்கே நம்பிக்கை வராத குரலில். "நாங்களே சொல்லணும்னு இருந்தோம்ன்றாரு. அடுத்த மாசம் மொத சனிக்கிழமை வர்றாங்களாம்."

தெய்வசிகாமணிக்கு இது சரியாகப் படவில்லை. விலை சொன்ன உடனே ஒத்துக்கொள்கிறவன் எவனும் நல்லவன் இல்லை. ஒரு பேச்சு வேண்டாமா? வயசானவங்க இருக்காங்க, முட்டி வலி, வேற கோயில் பார்க்கலாம் என்று ஒரு இழுவை வேண்டாமா? 'நாங்களே சொல்லணும்னு இருந்தோம்' என்றால் என்ன அர்த்தம்? இவன் எதற்கு என் பெண்ணை மலை ஏறச் சொல்ல இருந்தான்?

தெருவுக்கு என்ன சொல்கிறது என்று அடுத்த தலைவலி. கண்ணகி சுலபமாக ஒரு பொய் சொன்னாள். "சும்மா ஒரு டூருங்க்கா. பர்வதமலை. புள்ள ரொம்ப நாளா கேட்டுக்கினு இருந்துச்சு."

பெரியம்மாள் கீரையைக் கீழே வைத்துவிட்டு, "நாங்களும் வர்றோம்" என்றாள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறது? சும்மா டூர் என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். வேண்டாம் என்று சொன்னால் அது சும்மா டூர் இல்லை என்று ஆகிவிடும். கண்ணகி பல்லைக் காட்டி, "வாங்க வாங்க" என்றாள். பெரியம்மாள் போய்ப் பக்கத்து வீட்டில் சொன்னாள். பக்கத்து வீட்டில் பின்வீட்டுக்குச் சொன்னார்கள். ஒரு காரில் போக வேண்டியது வேன் ஆச்சு. ரெண்டு நாளில் வேன் பத்தாமல் பஸ் ஆச்சு. பெண் பார்க்கப் போகிறது தெருவுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத் தெருவையே கூட்டிக்கொண்டு போகிற ஏற்பாடு நடந்தது.

ஏற்பாட்டைக் கையில் எடுத்தவன் பெரியம்மாள் மகன் பகலவன். அவனுக்கு எந்த வேலையும் கிடையாது; அதனால் எல்லா வேலையும் தெரியும். செல்போனில் 'பர்வதமலை ஆன்மிக மலையேற்றக் குழு' என்று ஒரு குரூப் ஆரம்பித்தான். தெருவில் எதிரும் புதிருமாகக் குடியிருக்கிற நாற்பத்து மூணு பேர், வாசலில் நின்று பேசினால் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு, போனில் பேசிக்கொண்டார்கள்.

தெய்வசிகாமணிக்குப் படிப்பு மூணாவதோடு நின்றுவிட்டது. தேவிப்ரியா சாயந்திரம் வந்து படித்துக் காட்டும். அது சிரிக்காமல் படிக்கும். அவர் சிரிக்காமல் கேட்பார்.

"'மலை மேல் குரங்கு போனைப் பிடுங்கும், உசாராக இருக்கவும்.'"

"குரங்குக்கும் குரூப்பு இருக்குதா இன்னா?"

"'அறுபது வயசு தாண்டினவங்களை விட மாட்டாங்களாம், ஃபார்வர்டு மெசேஜ்.'"

"எவன் சொன்னான்? என் பல்லப் புடிச்சுப் பாத்தானா?"

"'ஆளுக்கு அஞ்சு எலுமிச்சம்பழம், குளுக்கோஸ், கைத்தடி, டார்ச், தலைவலித் தைலம், மாத்துத்துணி ரெண்டு, புளிசோறு அவரவர் வீட்டில்.' அதுக்குக் கீழ ஒருத்தர், 'தயிர்சோறு கொண்டுவரலாமா'ன்னு கேட்டிருக்காரு. அதுக்கு இருபத்தொரு பதில் மாமா."

"இருபத்தொண்ணா? இன்னா முடிவாச்சு?"

"முடிவாகல. நாளைக்கு மீட்டிங்காம்."

மீட்டிங் பெரியம்மாள் வாசலில் நடந்தது. பகலவன் நோட்டைப் பார்த்துப் படித்தான். சனிக்கிழமை விடிய அஞ்சு மணிக்குப் பஸ். போகிற வழியில் திருக்கோவிலூரில் டீ. பத்து மணிக்குள் மலை ஏற ஆரம்பம். மேலே சாமி பார்த்து, இருட்டுவதற்குள் இறக்கம். திருவண்ணாமலையில் தூக்கம். ஞாயிறு காலையில் கிரிவலம். மத்தியானம் சாத்தனூர் அணை. சாயந்திரம் மணலூர்பேட்டையில் அவன் மாமியார் வீட்டில் எல்லாருக்கும் காபி.

"நாப்பத்து மூணு பேருக்குமா?" என்று வெங்கடேசன் கேட்டான்.

"எங்க மாமியாருக்கு இன்னும் சொல்லல."

"மலை ஏறிட்டு வந்த காலோட மறுநாள் காலையில கிரிவலமா?" என்றார் தெய்வசிகாமணி. "மனுசனுக்கு ஒரு ஜோடி காலுதான்டா குடுத்திருக்கான்."

"பெரிசு, பாசிட்டிவா பேசு" என்றான் பகலவன். பஸ் முன்னால் கட்ட பிளெக்ஸ் அடித்து வைத்திருந்தான். மலை ஒரு மூலையில் கடுகு மாதிரி இருந்தது. பகலவன் கூப்பின கையோடு மலையை விடப் பெரிசாக நின்றான்.

அந்த மீட்டிங்கில் கண்ணகி ஒன்றைக் கவனித்துவிட்டாள். ராதிகாவுக்குப் புதுச் சுடிதார் தைக்கக் கொடுத்திருந்தது. மலை ஏறுவதற்குச் சரிகை வைத்த சுடிதார்.

"அவ அம்மாக்காரிக்குத் தெரிஞ்சிப்போச்சுண்ணா" என்று அண்ணன் காதைக் கடித்தாள். "ராதிகா எம் பொண்ண விடச் செகப்பு. பக்கத்துல நிக்க வச்சிடுவா. பையன் அதப் பாத்து இன்னா கேப்பானோ."

"செகப்பா இருந்தா இன்னா, ஒருத்தன் வெறும் கலருக்காகவா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வெறும் கலருக்காக எத்தனை மாட்டை அவரே தள்ளிவிட்டிருக்கிறார்.

கிளம்புகிற வாரம் வியாழக்கிழமை வியாபார விசயமாக அவர் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினார். மேலே ஆண்டி என்று ஒருத்தன், சாமை விதைக்கிறவன். ஒரு காளை கொடுக்கிறதாகச் சொல்லியிருந்தான். காளையைப் பார்த்து முடித்ததும் இவர் டூர் கதையைச் சொன்னார். பெண் சமாசாரத்தை விட்டுவிட்டு, மலை ஏறுகிறதை மட்டும்.

ஆண்டி வாயில் வைத்த பீடியை எடுத்துவிட்டுக் கேட்டான். "ஏறி இன்னா பண்ணுவீங்க?"

"எறங்குவோம்."

"அதுக்கா பஸ்ஸு?"

"பஸ்ஸு, பிளெக்ஸு, புளிசோறு எல்லாம்."

"இங்கயும் ஞாயித்துக்கெழம ஆனா வர்றாங்க. அருவியில குளிச்சிட்டு பாட்டில உடைச்சிப் போட்டுட்டுப் போறாங்க. எம் மாட்டுக் காலுல கிழிக்குது. நாங்க கீழ வந்தா ரேஷன் கடைக்கு வர்றோம், ஆஸ்பத்திரிக்கு வர்றோம். எவனும் சும்மா எறங்கிப் பாக்கலாம்னு பஸ்ஸு வச்சிக்கினு உங்க ஊருக்கு வந்ததில்ல."

தெய்வசிகாமணி துண்டை உதறித் தோளில் போட்டார். காளைக்குப் பல் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பல் நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் தைலம்மாள் வந்தாள். கண்ணகி புளிசோற்றுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். தேவிப்ரியா அப்போதுதான் லேபிலிருந்து வந்து முகத்தில் கட்டியிருந்த மாஸ்க்கைக் கழற்றியது.

"பையன் வூட்டுல ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னாங்க" என்றாள் தைலம்மாள். குரல் இறங்கியிருந்தது. "பொண்ணு நடுவுல எங்கயும் ரொம்ப நேரம் உக்காரக் கூடாதாம். பையனோட பெரியப்பா கூடவே ஏறி வருவாராம்."

"எதுக்கு?" என்றார் தெய்வசிகாமணி.

"எதுக்குன்னா... பாக்கறதுக்குத்தான்."

"இன்னாத்தப் பாக்கறதுக்கு?"

தைலம்மாள் சுற்றி வளைத்தாள். கடைசியில் வந்தது. பெண்ணுக்கு இளைப்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டார்களாம். எப்போதும் முகமூடி போட்டுக்கொண்டுதான் வெளியில் போகிறதாம். அதனால்தான் ரெண்டு இடம் தட்டிப்போச்சாம். மலையில் ஏற்றிப் பார்த்தால் மூச்சு தெரிந்துவிடும் என்று பெரியப்பா தனசேகரனே யோசித்து வைத்திருந்தாராம். அதற்குள் நீங்களே மலை என்று சொல்லவும் அவருக்கு ரொம்பச் சந்தோசமாம்.

"கரும்பு லாரி பின்னாடி ஸ்கூட்டி ஓட்டிப் பாருங்க, நீங்களும் போடுவீங்க" என்றது தேவிப்ரியா, மாஸ்க்கைத் தூக்கிக் காட்டி. வெளியில் வெள்ளையாக இருக்க வேண்டியது சிமெண்ட் நிறத்தில் இருந்தது.

"யாரு சொன்னது இளைப்புன்னு?" என்று கண்ணகி எழுந்துவிட்டாள். கையிலிருந்து புளி சொட்டியது.

தைலம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவள் கண் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுப் பக்கம் போய்விட்டு வந்தது.

தெய்வசிகாமணிக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "எங்க வூட்டுப் பொண்ண மலை ஏத்திப் பாக்கறானா அவன்? யாருகிட்ட? பொண்ணுன்னா இன்னான்னு நெனச்சுக்கினான்? சந்தையில கட்டியிருக்கற..." 

அங்கே நிறுத்த வேண்டியதாச்சு. தங்கச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்கடேசன் கூடப் பார்த்துக்கொண்டிருந்தான், தலையை ஆட்டாமல்.

"அப்ப மலைன்னு சொன்னது சாமிக்காக இல்லியா மாமா?" என்று தேவிப்ரியா கேட்டது.

அவருக்கு யாரிடமும் பொய் சொல்லத் தெரியும். இந்தப் பெண்ணிடம் மட்டும் வராது. "அஞ்சு படத்துலயும் உக்காந்துக்கினு இருக்கான்மா அவன். காலுல இன்னாமோ இருக்குது."

தேவிப்ரியா மாஸ்க்கை மடித்துப் பையில் வைத்தது. அப்புறம் தைலம்மாளிடம் கையை நீட்டி, "நம்பர் குடுங்க" என்றது.

"பெரியப்பா நம்பரா?"

"பெரியப்பாவ நான் கட்டிக்கப் போறதில்லியே."

ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசியது. அந்தப் பக்கம் எடுத்ததும் பேரைச் சொல்லிவிட்டு, "உங்க கால்ல எதனா பிரச்சனையா?" என்று கேட்டது. ரத்தம் எடுக்கும்போது கையை மடக்குங்க என்று சொல்கிற அதே குரல்.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "வலது கால்லங்க" என்றது குரல். "ரெண்டு வருசம் முன்னாடி பைக்ல விழுந்து ராடு வச்சிருக்கு. நடப்பேன், வேலைக்குப் போவேன். மலைல்லாம் ஏற முடியாது. பெரியப்பா ஊசி போட்டுக்கினாவது ஏறிடுன்றாரு. உங்களுக்கு... மூச்சு..."

"மூச்சு நல்லா இருக்கு. தூசுக்கு மாஸ்க் போடறேன். இந்த விசயத்த ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலியே. உங்க ஆளுங்க யாரும் கேக்கல."

"இப்பக் கேட்டேன்ல. நாளைக்கு எனக்கு ஒரு மணி வரைக்கும் டூட்டி இருக்கு. லீவு போட்டிருந்தேன், வேணாம்னு சொல்லிடறேன். லேபுக்கு எதிர்ல ஒரு பேக்கரி இருக்கு. ஒண்ணரைக்கு வாங்க. சமதரைதான்."

போனை வைத்துவிட்டு மூஞ்சி கழுவப் போய்விட்டது. ஒரு மாசமாக நாற்பத்து மூணு பேர் பிளான் போட்ட விசயம் ரெண்டு நிமிசத்தில் தெரிந்துவிட்டது. தைலம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டுத் தரகரும் மனுசத் தரகரும் முதல் தடவையாக ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் சொன்னனா இல்லியா காலுன்னு?" என்றார் தெய்வசிகாமணி. யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை.

"தனியாவா போயி ஒரு பையனைப் பாக்கும்?" என்று கண்ணகி பதறினாள்.

"நான் கூட இருக்கேன்" என்றான் வெங்கடேசன். "வேற டேபிள்ல உக்காந்துக்கறேன். நான் மலைக்கு வரல." அவன் ஒன்றை யாரும் கேட்காமல் சொன்னது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

பஸ்ஸை என்ன செய்கிறது? நாற்பத்து மூணு பேர் புளிசோறு கட்டியாச்சு. போகவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். கண்ணகியும் அண்ணனும் போயே ஆக வேண்டும். அந்தப் பக்கம் பெரியப்பாவும் அப்படித்தான். சொந்தக்காரர்களுக்கெல்லாம் மலை என்று சொல்லிவிட்டார், வேனும் சொல்லியாச்சு.

விடியற்காலை பஸ்ஸில் எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். முன் சீட்டில் ராதிகா சரிகைச் சுடிதாரில் மின்னியது. பகலவன் தலை எண்ணினான். நாற்பத்தொண்ணுதான் வந்தது.

"கண்ணகி, பொண்ணு எங்க?" என்றாள் பெரியம்மாள். "வெங்கடேசனையும் காணோம்?"

கண்ணகி வாயைத் திறந்தாள். ஒரு பொய் கிடைக்கவில்லை. தெய்வசிகாமணிக்கு அந்த நேரத்தில் அலுப்பு வந்துவிட்டது. ஒரு மாசமாக மறைத்து மறைத்து நாக்கே தேய்ந்துவிட்டது.

"பொண்ணு மாப்பிள்ள பாக்கப் போயிருக்குது" என்றார் சத்தமாக. "திருக்கோவிலூர்ப் பையன். இந்த டூரே அதுக்குத்தான் போட்டது. எல்லாம் கேட்டுக்கங்க."

பஸ்ஸில் ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை.

"அதான் தெரியுமே" என்றது பின்சீட்டில் ஒரு குரல்.

"குரூப்பு ஆரம்பிச்சதே அதுக்குத்தான பெரிசு" என்றான் பகலவன். "உங்க ரெண்டு வூடும் இல்லாம இன்னொரு குரூப்பு இருக்குது. அதுல பையன் போட்டோ எல்லாம் வந்துச்சு."

"அஞ்சு போட்டோ" என்றாள் பெரியம்மாள். "உக்காந்த மாதிரியே."

ராதிகா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்ப பையன் மலைக்கு வரலியா?" என்று கேட்டது. அம்மாக்காரி அதன் தொடையில் கிள்ளினாள்.

அப்படியென்றால் எதற்குப் போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. இறங்கு என்றும் யாரும் சொல்லவில்லை. பிளெக்ஸ் கட்டியாச்சு. பஸ் கிளம்பிவிட்டது.

திருக்கோவிலூரில் டீக்கு இறங்கினவர்களைத் திரும்ப ஏற்றவே நேரமாகி, பர்வதமலை அடிவாரம் போய்ச் சேர மணி ஒண்ணு ஆச்சு. அங்கே தேர்த் திருவிழா மாதிரி கூட்டம். மெட்ராஸிலிருந்து வந்த பையன்கள் பாட்டுப் பெட்டி வைத்துக்கொண்டு ஏறினார்கள். பெரியப்பா தனசேகரன் வேனிலிருந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை, தெய்வசிகாமணி வயசு. ரெண்டு பேரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டார்கள். அவர் இவர் நெஞ்சைப் பார்த்தார். இவர் அவர் காலைப் பார்த்தார்.

"பொண்ணு வரலீங்களா?"

"பையன் வரலீங்களா?"

ரெண்டு பேருக்கும் பதில் தெரியும். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லாமல் ஏற ஆரம்பித்தார்கள். முன்னால் போகிறவனுக்குப் பின்னால் போகிறதில்லை என்று ரெண்டு பேருக்கும் வீம்பு. அதனால் பக்கத்துப் பக்கத்தில் ஏறினார்கள். வேகமாகவும் ஏறினார்கள். பாதி வழியில் காடு முடிந்து பாறை ஆரம்பிக்கிற இடத்தில் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கல்லில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தது என்று சொல்லக் கூடாது, விழுந்தார்கள். பெரியம்மாள் பின்னால் வந்து பார்த்துவிட்டு, "இளைப்பு இந்தப் பக்கம் இருக்குது போல" என்றாள்.

அப்போது மணி மூணு. கண்ணகி போன் அடித்தது. வெங்கடேசன். இத்தனை உயரத்தில் எப்படியோ டவர் கிடைத்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"ஒண்ணரை மணி நேரமாப் பேசிக்கினு இருக்காங்க" என்றான் வெங்கடேசன். "நான் ரெண்டு பப்ஸ் தின்னுட்டேன். பையன் நேராத்தான் நடக்கறான், படியில மட்டும் பாத்து வைக்கறான். பொண்ணு சரின்னுடுச்சு. பையனும் சரின்னுட்டான். மச்சான் இன்னா சொல்றாரு? மச்சான் வாயால சொன்னாத்தான் நம்ம வூட்டுல மொறை."

தெய்வசிகாமணிக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஒரு மாசமாகச் சேர்த்து வைத்திருந்தார். காலில் கம்பி இருக்கிறதை மறைத்தவன் வேறு என்னென்ன மறைத்திருக்கிறான் என்று கேட்க வேண்டும். ஊசி போட்டு ஏற்றப் பார்த்த இந்தப் பெரியப்பனை நம்பி எப்படிப் பெண் கொடுக்கிறது என்று, அவன் பக்கத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டும். இன்னும் ரெண்டு இடம் விசாரிக்காமல் ஆகாது என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை திறந்தார். அதுவும் காற்று.

பக்கத்தில் தனசேகரனும் ஒரு விரலைத் தூக்கி என்னமோ சொல்ல வந்தார். அவருக்கு விரலைத் தூக்கத்தான் தெம்பு இருந்தது.

கண்ணகி அண்ணன் மூஞ்சியை நன்றாகப் பார்த்தாள். இத்தனை வருசத்தில் அந்த வாயிலிருந்து வேண்டாம் என்ற சொல் வராமல் ஒரு விசயம் முடிந்ததை அவள் பார்த்ததில்லை. இன்னும் ஒரு நிமிசத்தில் மூச்சு திரும்பிவிடும் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணன் மறுத்து ஒண்ணும் சொல்லலீங்க" என்றாள் போனில், அவசர அவசரமாக. "பெரியப்பாவும் ஒண்ணும் சொல்லல. சம்மதம்தான். பாக்கு வெத்தலைக்கு நாள் பாத்துடுங்க."

போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பெரியம்மாள் முதலில் கண்ணகியை முறைத்தாள். அப்புறம், தான் பின்தங்கிவிடக் கூடாது என்று நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். மேலே ஏறிக்கொண்டிருந்த மெட்ராஸ் பையன்கள் கோயில் வந்துவிட்டது என்று நினைத்துக் கோவிந்தா போட்டார்கள். ஒருத்தன், சிவன் கோயில்டா என்று அடக்கினான். பகலவன் அதற்குள் குரூப்பில் போட்டுவிட்டான். எந்தக் குரூப்பில் என்று தெரியவில்லை, ரெண்டிலும் இருக்கும்.

தெய்வசிகாமணிக்கு மூச்சு திரும்பியபோது கேட்க ஆளில்லை. கூட்டம் மேலே போய்விட்டது. கண்ணகி எல்லாருக்கும் முன்னால், அம்பத்தஞ்சு வயசு என்று சொல்ல முடியாதபடி ஏறிக்கொண்டிருந்தாள்.

"சம்மந்தி" என்றார் தனசேகரன். அந்தச் சொல் தெய்வசிகாமணிக்கு வேப்பங்காய் மாதிரி இருந்தது. "ஏறலாமா, எறங்கலாமா?"

"எறங்கலாம்."

"வாங்க, கையப் புடிச்சிக்கங்க."

"வேணாம்" என்றார் தெய்வசிகாமணி. "நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடி வர்றேன்."